மாமாவின் சிலிர்த்த கால்கள்

மாமாவின் நெற்றியிலிருந்து வியர்வை தாரையாக வழிந்துகொண்டிருந்தது. பாதங்களோ சில்லிட்டுக் கிடந்தன. முகம் செக்கச்செவேல் என்றிருக்க, தொடைகள் வெளுத்து மயிர் குத்திட்டு நின்றது. ஒரே கட்டிலில் இரண்டு பேரைப் பாதிப்பாதியாகப் படுக்க வைத்தது போலிருந்தது. அந்த மத்தியானத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் குழப்பம்தான்.

மாமா என் அக்காவின் கணவர். நெய்வேலிச் சுரங்கத்தில் கன்வேயர் பக்கம் வேலை பார்த்தவர். ஒரு லீவு நாளில் சேத்தியாத்தோப்புச் சாலையில், வண்டிச் சக்கரம் ஏறி மணி உதிரட்டும் என்று யாரோ பரப்பியிருந்த உளுந்துச் செடியில் அவருடைய பைக் சறுக்கி, முதுகுத்தண்டின் மேல்பகுதி முறிந்துபோனது. அதன்பிறகு மார்புக்குக் கீழே ஊசியால் குத்தினாலும் அவருக்குத் தெரியாது. மூத்திரம் போக டியூப்பும், அதன் முனையில் ஒரு பையும் போட்டிருந்தார்கள். நானும் சுரங்கத்தில்தான் வேலை; முதல் ஷிப்ட் முடிந்ததும் அவர்கள் க்வார்ட்டர்ஸுக்குப் போய், அவரைப் புரட்டிப் படுக்க வைக்க அக்காவுக்கு உதவுவேன்.

அன்று காலையில் இருவருக்கும் சண்டை. நசுங்கிய பைக்கை அவரைக் கேட்காமல் அக்கா பழைய இரும்புக்குப் போட்டுவிட்டாள். அதனால்தான் இப்படி ஆனது என்று அழுதாள்: “கோவத்துல பிரஷர் ஏறிகினு இருக்குதுடா. எல்லாம் என்னாலதான்.”

“கோவமெல்லாம் இல்லம்மா,” என்றார் மாமா, கண்ணைத் திறக்க முடியாமல். “தலைய உள்ளருந்து யாரோ இடிச்சிகினு இருக்காங்க.”

நான் தலையணையை உருவி அவரை மட்டமாகப் படுக்க வைத்தேன். வலி இன்னும் கூடியது. பயந்துபோய், டியூப் மாற்ற வரும் நர்ஸம்மாவுக்குப் போன் செய்தேன்.

“ஐயோ, படுக்க வெக்காதீங்க தம்பி! நிமித்தி ஒக்கார வெய்ங்க. டியூப் எங்கனா மடங்கிகினு இருக்குதா பாருங்க.”

நிமிர்த்தி உட்கார வைத்துப் பார்த்தேன், டியூப் தொடைக்கடியில் மடங்கிக் கிடந்தது. நேராக்கியதும் பை மளமளவென்று நிறைந்தது. சிறிது நேரத்தில் முகத்தின் சிவப்பு இறங்கியது.

சாயங்காலம் நர்ஸம்மா வந்து விளக்கினார். “முதுகெலும்புக்கு ரெண்டு பக்கமும் மணி கோத்தாப்ல நரம்பு ஓடுதுங்க. நம்மளக் கேக்காமயே வேல செய்யும். மூத்திரப்பை நெறைஞ்சதும் அந்த நரம்பு கீழ இருக்கற ரத்தக்குழாயெல்லாம் இறுக்கி, மயிரையும் சிலிர்க்க வெச்சு, பிரஷர ஏத்திடுச்சு. நிறுத்துன்னு மூளை சொல்றது, முறிஞ்ச எடத்தத் தாண்டிப் போவல.”

“எனக்கே தெரியாம எனக்குள்ள இருக்கறது யாருங்க?” என்று கேட்டார் மாமா.

“நீங்கதாங்க,” என்றார் நர்ஸம்மா. மாமா வெகுநேரம் தன் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதிலிருந்து அக்கா அடிக்கடி அவர் காலைப் பார்ப்பாள். சிலிர்த்திருந்தால் உடனே டியூப்பைத் தேடுவாள். பிரச்சினை தெரிந்துவிட்டது; சண்டையால் வந்ததல்ல என்பதும் தெரிந்துவிட்டது. ஆனாலும் அவருடைய உடம்போடு யார் பேசுகிறார்கள், யாருக்கு அது பதில் சொல்கிறது என்று எங்கள் மூவருக்குமே பிடிபடவில்லை.

மாமா காலமாவதற்குச் சில மாதங்கள் முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா அவருடைய கால் நகங்களை வெட்டிக்கொண்டிருந்தாள். முழங்கால்வரை சட்டென்று மயிர் சிலிர்த்தது. பதறி டியூப்பைப் பார்த்தாள், நேராக இருந்தது. மாமாவின் முகத்தில் வியர்வை இல்லை, தலைவலியும் இல்லை. கையை எடுத்தாள், சிலிர்ப்பு மெல்ல அடங்கியது. உள்ளங்கையைப் பாதத்தின்மேல் வைத்தாள், மறுபடி எழுந்தது.

பேப்பர் படித்துக்கொண்டிருந்த மாமாவுக்கு எதுவும் தெரியவில்லை. “என்ன அப்படிப் பாத்துகினு இருக்கற?” என்றார்.

“ஒண்ணும் இல்லைங்க. நீங்க படிங்க.”

அது வெறும் நரம்பின் வேலை என்று சொல்ல வாயெடுத்தேன். அக்காவின் முகத்தைப் பார்த்ததும் எனக்கே அது நிச்சயமாகத் தெரியாமல் போனது. அவர் பேப்பரைப் படித்து முடிக்கும்வரை அவள் கையை எடுக்கவில்லை.