ஏனாத்தூர்க்காரியின் பெயர்

எனக்குத் தெரிந்தவரை என் அம்மாவுக்குப் பெயர் கிடையாது. என்னைப் பெற்ற சில நாளில் காய்ச்சலில் போய்விட்டாள். கட்டிக்கொண்டு வந்த பெண்ணைப் பிறந்த ஊர் சொல்லிக் கூப்பிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். அப்பாவின் ஆட்களுக்கு அவள் ஏனாத்தூர்க்காரி, அவ்வளவுதான். அப்பாவும் போய், ஏனாத்தூரில் அவள் மனிதர்கள் ஒருவரும் மிஞ்சவில்லை என்று தெரிந்தபோதுதான் அவள் பெயரைச் சொல்ல இனி யாருமில்லை என்பது எனக்கு உறைத்தது. கனவில் அவள் முதுகு மட்டும் தெரியும். ‘அம்மா’ என்று கூப்பிட்டால் தெருவில் போகிற எல்லாப் பெண்களும் திரும்புவார்கள், அவளைத் தவிர.

அறுபதுகளின் கடைசியில், பழைய ஜனன மரணப் பதிவேடுகளை எடைக்குப் போடப் போகிறார்கள் என்று செய்தி வந்தது. வம்சாவளி தேடி அலைகிற நாங்கள் மூன்று பேர், எங்கள் தொகுதி எம்.எல்.ஏ.வைப் பார்க்கக் கிளம்பினோம். ஓய்வுபெற்ற கணக்குப்பிள்ளை ஒருவர், மாதாகோயில் உபதேசியார், பள்ளிக்கூட டீச்சரான நான். ஊரில் எங்களுக்குச் ‘செத்தவர் சங்கம்’ என்று பெயர்.

வெறுங்கையோடு போகக்கூடாதென்று, எம்.எல்.ஏ.வின் ஏழு தலைமுறையைக் கணக்குப்பிள்ளை எழுதிக் கொண்டுவந்திருந்தார். பட்டுச்சேலை மடிப்புக்குள் வைக்கிற அட்டையில் அழகாக ஒட்டியிருந்தது. தறிச்சத்தம் தெருவெல்லாம் தாலாட்டிக்கொண்டிருந்த காலை அது. எம்.எல்.ஏ.வுக்கு முகமெல்லாம் பல். மோர் கொண்டுவந்த அவருடைய அம்மா, “படிச்சுக் காட்டுபா” என்று உட்கார்ந்துவிட்டார். கணக்குப்பிள்ளை ராகம் போட்டு வாசித்தார். அந்த அம்மாள் கண்ணை மூடிக் கேட்டார்.

“எல்லாம் சரிபா. நான் எங்க இருக்குறேன் இதுல?”

கணக்குப்பிள்ளை அட்டையைத் திருப்பிப் பார்த்தார். “ஆம்பளைங்க பேரு மட்டும் எழுதறதுதாம்மா வழக்கம்.”

“அப்போ இவனை யாரு பெத்தது? நீயா?”

எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. ஏழு தலைமுறையையும் ஆண்களே சுமந்து பெற்றதுபோல அல்லவா எழுதி வைத்திருந்தார் மனுஷன்! வாய் தானாகத் திறந்துகொண்டது.

“எங்கம்மா பேரும் எங்கியும் இல்லமா. செத்தப்போ எழுதின அந்த ஏட்டுல மட்டும்தான் இருக்கும். அதைத்தான் எடைக்குப் போடப் போறாங்க.”

அந்த அம்மாள் மகன் பக்கம் திரும்பி, “டேய், அந்த ஏட்டைக் காப்பாத்திக் குடு இந்தப் பொண்ணுக்கு. கேக்கறவங்க எல்லாருக்கும் தொறந்து காட்டச் சொல்லு. சட்டசபைக்குப் போய்க்கினு இருக்குறியே, இதைப் பேசேன்” என்றார்.

எம்.எல்.ஏ. பேசினார். ஏடுகள் பிழைத்தன. தூறல் விழுந்துகொண்டிருந்த ஒரு முற்பகலில் பதிவேட்டு அறையை எங்களுக்குத் திறந்துவிட்டார்கள். ஈரக் காகித வாசனையில், மங்கிய வெளிச்சத்தில், மரண ஏட்டில் நான் பிறந்த மாதத்தைத் தேடிப் பிடித்தேன். பெயர் என்ற கட்டத்தில் அப்பாவின் பெயரை எழுதி, ‘பெண்சாதி’ என்று முடித்திருந்தார்கள்.

அந்த வரியையே பார்த்துக்கொண்டு நின்றேன். பக்கத்துக் கட்டத்தில் வயது போட்டிருந்தது. பத்தொன்பது.

அப்போது எனக்கு முப்பது நெருங்கிக்கொண்டிருந்தது. என்னிடம் படித்துப் போன பெண்களுக்குத்தான் பத்தொன்பது வயது. அந்த வரியை விரலால் மெதுவாகத் தடவினேன். அவர்களைக் கூப்பிடுவதுபோலவே “கண்ணு” என்று கூப்பிட்டேன்.