ஓட்டிக் காட்ட மறுத்தவரின் புல்லட்: தாம்பரம் முதல் வல்லம் வரை

பழைய வண்டி வாங்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கோயில், ஏரி, பிரியாணிக் கடை எதுவும் இதில் வராது. போன சனிக்கிழமை தாம்பரத்திலிருந்து ஒரகடம் வழியாக வல்லம் வரை போய் ஒரு பழைய புல்லட்டைப் பார்த்தேன். வலது காலில் கியர், இடது காலில் பிரேக் என்று இருந்த காலத்து 350. விளம்பரத்தில் போட்டிருந்தது இவ்வளவுதான்: "பேப்பர் கிளியர், நல்ல கண்டிஷன், உடனே கொடுக்கணும்." கடைசி இரண்டு சொற்கள் என்னை உறுத்தின. நல்ல கண்டிஷனில் இருக்கிற வண்டியை எவன் உடனே கொடுப்பான்?

நான் டிப்ளமோ மெக்கானிக்கல். கிண்டியில் ஓர் உதிரிபாகக் கம்பெனியில் தரப் பரிசோதனை. நாள் முழுக்க எதையும் நம்பாமல் இருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். போன் செய்தபோது எடுத்தது ஒரு பெண்.

"ஓட்டிக் காட்டுவீங்களா?"

"நீங்களே வந்து ஓட்டிக்கோங்கண்ணா. எங்க வூட்டுக்காரு ஓட்ட மாட்டாரு."

"ஏன், கால்ல அடியா?"

"அடியெல்லாம் ஒண்ணும் இல்ல. வந்தா வாங்க. இல்லாங்காட்டி வேற ஆள் வராங்க."

அடிபடாத மனிதன் தன் வண்டியை ஏன் ஓட்ட மாட்டான்? கியர்பாக்ஸ் போயிருக்கும், அல்லது வண்டி திருட்டு. இந்த இரண்டில் ஒன்று என்று முடிவு கட்டிக்கொண்டுதான் கிளம்பினேன்.

காலை ஏழரைக்குத் தாம்பரத்தில் பஸ். முடிச்சூர், மண்ணிவாக்கம், படப்பை, ஒரகடம். ஏறத்தாழ 25 கிலோமீட்டர். ஒன்றேகால் மணி நேரம் பிடித்தது. படப்பையில் மட்டும் நாலு கம்பெனி பஸ்கள் குறுக்கும் நெடுக்கும் நின்று அத்தனை பேரையும் நிறுத்தி வைத்தன. ஷிஃப்ட் மாறுகிற நேரத்தில் இந்தச் சாலைக்கு வராதீர்கள், அவ்வளவுதான் சொல்வேன். டிக்கெட் 27 ரூபாய். ஒரகடம் சந்திப்பில் இறங்கி ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போகும் ஷேர் ஆட்டோவில் ஏறினேன், 20 ரூபாய். என் கையிலிருந்த ஹெல்மெட்டை டிரைவர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தார்.

"இன்னா தம்பி, பஸ்ல ஹெல்மெட்டு போட்டுக்கினு வந்தியா? நல்ல சேஃப்டிதான்."

வண்டி பார்க்கப் போகிறேன் என்றேன்.

"பாத்து வாங்கு. இங்க வண்டி விக்கறவன் பாதிப் பேரு வேலை போய் ஊருக்குக் கெளம்புறவன். மீதிப் பாதி எவன் வண்டியையோ விக்கறவன்."

எனக்கு அவரைப் பிடித்துப் போனது.

வல்லத்தைத் தாண்டி உள்ளே ஒரு கிலோமீட்டர் நடை. ஒரே வரிசையில் வாடகை அறைகள், வாசலுக்கு வாசல் ஷூ, கொடியில் கம்பெனி யூனிஃபார்ம். கடைசி அறைக்குப் பின்னால் மதில் நிழலில் புல்லட் நின்றது. போனில் பேசிய பெண்தான் வெளியே வந்தார். பெயர் பவானி, சொந்த ஊர் மணிமங்கலம், ஒரு செல்போன் கம்பெனியில் லைன் வேலை. நைட் ஷிஃப்ட் முடித்து அப்போதுதான் வந்திருக்கிறார். கழுத்தில் அடையாள அட்டைகூடக் கழற்றவில்லை. பின்னாலேயே அவர் கணவர் முத்துராஜ். சங்கரன்கோவில்காரர், என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கலாம். "வாங்க சார்" என்று சொல்லிவிட்டு, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு வண்டியிலிருந்து தள்ளியே நின்றார். கோர்ட்டில் நிற்கிறவர்கள் அப்படித்தான் நிற்பார்கள்.

நான் முதலில் ஆர்சி புக்கை வாங்கினேன். முத்துராஜ் பெயர்தான். சேசிஸ் நம்பர் சரி. என்ஜின் நம்பரைப் பார்க்கக் குனிந்து, செல்போன் டார்ச்சை அடித்து, துணியால் துடைத்தேன். அதுவும் சரி. பழைய நம்பரைத் தேய்த்துப் புதிதாக அடித்த அடையாளம் இல்லை. ஆனால் துடைத்த கையில் சூடு தெரிந்தது. சிலிண்டரைத் தொட்டேன். நல்ல சூடு. அதை அப்போதைக்கு மனதில் வைத்துக்கொண்டேன். பழைய வண்டி விற்கிறவர்கள் ஆள் வருவதற்கு முன்னால் ஓட்டி என்ஜினைச் சூடாக்கி வைப்பார்கள். குளிர்ந்த என்ஜின் உதைக்கு மசியாது என்பது வெளியே தெரியக் கூடாதல்லவா?

"ஸ்டார்ட் பண்ணுங்க," என்றேன் முத்துராஜிடம்.

அவர் மனைவியைப் பார்த்தார். பவானி துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டு வண்டியில் ஏறினார்.

புது வண்டியில் பட்டனை அமுக்கிப் பழகியவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். இந்த வண்டியில் சாவி போட்டதும் கிக்கரை உதைக்கக் கூடாது. மெதுவாக அழுத்த வேண்டும். ஹெட்லைட்டுக்கு மேலே ஆம்ப்ஸ் மீட்டர் இருக்கும். அதன் முள் நடுவுக்கு வருகிற இடத்தில் கால் நிற்க வேண்டும். பிறகு இடது கைப்பிடிக்குக் கீழே இருக்கிற சின்ன லீவரைப் பிடிக்க வேண்டும். அதைத்தான் பழைய ஆட்கள் டீகம்ப் என்பார்கள். உள்ளே இறுகியிருக்கிற காற்று புஸ்ஸென்று வெளியேறும். கிக்கரை இன்னும் ஒரு விரற்கடை இறக்கி, லீவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, அப்புறம்தான் ஒரே உதை. முறை தப்பினால் ரிட்டர்ன் அடிக்கும். கிக்கர் திரும்பி வந்து முழங்காலைப் பெயர்க்கும்.

பவானி எதையும் தப்பவிடவில்லை. ஒரே உதை. வண்டி எழுந்தது. குளிர்ந்த என்ஜினுக்குத் தேவைப்படுகிற சோக்கைத் தொடவே இல்லை.

"காலைல யார் ஓட்டினது?" என்றேன்.

"யாரும் ஓட்டல. மூணு மாசமா நான்தான் வாரத்துக்கு ஒருக்கா ஸ்டார்ட் பண்ணி நிறுத்துறேன்."

"என்ஜின் சூடா இருந்துச்சு. நீங்க உதைக்கிறதுக்கு முன்னாடியே."

அவர் வண்டியை அணைத்துவிட்டு இறங்கி, புருஷனைப் பார்த்தார்.

"இன்னாய்யா இது?"

"வெயில்ல நின்னுச்சுல்லா, அதான்," என்றார் முத்துராஜ்.

"மதில் நிழல்ல நிக்கிற வண்டிக்கு ஏது வெயில்?" என்றேன். வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கலாம். ஆனால் எது சரியில்லை என்றாலும் சொல்லிவிடுவதுதான் என் வேலை, பழக்கமாகிவிட்டது.

"நான் நைட்டு ஷிஃப்ட்டு போனா நீ வண்டி எடுத்துக்கினு சுத்திக்கினு கீறியா? திங்கக்கெழமை டெஸ்ட்டு! எங்கம்மா தலைமேல கை வச்சு சத்தியம் பண்ணியே, மறந்துபோச்சா?"

"ஒரு ரவுண்டுதான் பவானி. விக்கப் போறோம்லா... கடைசியா ஒரு தடவ ஏரிக்கரை வரைக்கும்."

திருட்டு வண்டி விற்கிறவர்கள் இப்படிச் சண்டை போட மாட்டார்கள். என்ன டெஸ்ட் என்று கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொள்ள, பவானிதான் சொன்னார். முத்துராஜ் ஒரு பைக் கம்பெனியில் லைனில் வேலை பார்க்கிறார். பெயரை அவர்கள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. லைனிலிருந்து இறங்குகிற வண்டியை டிராக்கில் ஓட்டிப் பார்க்கிற வேலைக்குப் பயிற்சியில் எடுத்திருக்கிறார்கள். போல்ட்டு முறுக்குகிறவனுக்கு அது பெரிய ஏற்றம். ஆனால் இவர் பதினெட்டு வயதிலிருந்து இந்த புல்லட்டிலேயே பழகியவர். இடது கால்தான் பிரேக். டிராக்கில் வேகமாகப் போய்ச் சட்டென்று நிறுத்துகிற இடத்தில் பிரேக் என்று இவருடைய இடது கால் இரண்டு தடவை அடித்திருக்கிறது. புது வண்டியில் அங்கே இருப்பது கியர். இரண்டு கியர் கீழே விழுந்து, பின்சக்கரம் பூட்டிக்கொண்டு, வண்டி குறுக்கே வழுக்கியிருக்கிறது. கீழே விழாதது யார் செய்த புண்ணியமோ.

"டிரைனரு இன்னா சொன்னாரு தெரியுமாண்ணா? ஒண்ணு காலை மாத்து, இல்ல லைனுக்கே திரும்பிப் போன்னுட்டாரு. இந்த வண்டி கண்ணு முன்னால நின்னா இவுரு கால் எங்க மாறும்? அதான் உடனே குடுக்கணும்னு போட்டேன்."

"கால் மறக்கணும் சார். மனசு எப்பவோ மறந்துட்டு. கால்தான் கேக்க மாட்டேங்குது," என்றார் முத்துராஜ்.

இதுவும் கதையாக இருக்கலாமே என்று எனக்கு ஒரு மூலையில் ஓடியது. ஒத்துக்கொள்கிறேன். கியர்பாக்ஸை மறைக்க இதைவிட நல்ல கதை கிடைக்காது. லைசென்ஸை அவர்களிடம் கொடுத்துவிட்டு நானே ஓட்டிப் பார்த்தேன். வலது காலில் மேலே ஒன்று, கீழே மூன்று. முதல் கியருக்குத் தூக்க வேண்டும், மற்றதற்கெல்லாம் மிதிக்க வேண்டும். வெண்ணெய் மாதிரி விழுந்தது. நியூட்ரல் தேடத் தனியாக ஒரு குட்டிப் பெடல். குதிகாலால் தட்டினால் போதும். அதுவும் வேலை செய்தது. குறை கண்டுபிடிக்க முடியாத எரிச்சலில் மூன்றாவது கியரில் போய்க்கொண்டிருந்தபோது ஒரு கம்பெனி கேட்டிலிருந்து பஸ் வெளியே வந்தது. என் வண்டியில் பிரேக் வலது காலில்; அந்தப் பழக்கத்தில் வலது காலை ஓங்கி மிதித்தேன். வண்டி நாலாவது கியருக்குப் போனது. முன்பிரேக்கைப் பிடித்ததால் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

திரும்பி வந்து இறங்கியபோது என் முகத்தைப் பார்த்தே முத்துராஜ் கேட்டார்.

"மிதிச்சியளா?"

"மிதிச்சேன்."

"வலது?"

"வலது."

வந்ததிலிருந்து முதல் தடவையாக அவர் சிரித்தார். "உங்களுக்கு எதுத்த வியாதி சார்."

விலையை எழுத மாட்டேன். எழுதினால் கமெண்டில் சண்டை வரும். இன்றைக்கே எடுத்துப் போகவேண்டும் என்று பவானி பிடிவாதமாகச் சொல்லிவிட்டார். ஓட்டிக்கொண்டு போகிற தைரியம் எனக்கு இல்லை. குட்டி யானை என்கிற சின்ன லாரி ஒன்றை வரவழைத்தோம், தாம்பரத்துக்கு 1,400 ரூபாய். கயிறு கட்டுவது தனக்குத்தான் தெரியும் என்று முத்துராஜ் ஒரகடம் வரை வருவதாக ஏறிக்கொண்டார். டிரைவர், நடுவில் அவர், கதவோரம் நான். பவானி வண்டி பக்கமே திரும்பாமல் அறைக்குள் போய்விட்டார்.

ஒரகடம் சந்திப்பு வருவதற்குச் சற்று முன்னால் ஒரு ஷேர் ஆட்டோ சிக்னல் போடாமல் குறுக்கே வந்தது. டிரைவர் ஒரு கெட்ட வார்த்தையோடு பிரேக்கை அடித்தார். அதே நொடியில் கேபின் தரையில் இரண்டு சத்தம். ஒன்று என் வலது கால். இன்னொன்று முத்துராஜின் இடது கால்.

அவர் குனிந்து அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வண்டிய விட்டு மூணு மாசம் ஆச்சு ப்ரோ," என்றார். 'சார்' எங்கேயோ போய்விட்டிருந்தது.

"மூணு மாசம் ஆகல. இன்னைக்குக் காலையில இருந்துதான் கணக்கு," என்றேன்.

அவர் இடது காலை இருக்கைக்கு அடியில் இழுத்துக்கொண்டார். "அவகிட்ட சொல்லிராதிய," என்றார். பிறகு சந்திப்பில் இறங்கி, கயிற்றை ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, என் எதிரிலேயே போனை எடுத்தார்.

"பவானி... திங்கக்கெழமை நான் ஏறல. டிரைனர்கிட்ட சொல்லிருதேன்... இல்ல, யாரும் ஒண்ணும் சொல்லல. கால் இன்னும் போகுது... ஆமா, இடதுதான். அடுத்த பேட்ச் எப்பன்னு தெரியாது. அதுவரைக்கும் லைன்தான்."

ஸ்பீக்கர் போடவில்லை, ஆனாலும் பவானியின் குரல் ரோடு வரைக்கும் கேட்டது.

"சரி, வூட்டுக்கு வா. சோறு ஆக்கி வெச்சிகீறேன்."

போகிறவர்களுக்கு: ஒரகடம் பஸ்ஸைக் காலை எட்டு மணிக்கு மேல் பிடியுங்கள். ஆர்சி, என்ஜின், சேசிஸ் மூன்றையும் உங்கள் கண்ணால் பாருங்கள். தினமும் இடதுகால் கியர் ஓட்டுகிறவர் வலதுகால் கியர் வண்டியை வாங்கினால் குட்டி யானைக்கும் சேர்த்துப் பணம் எடுத்துப் போங்கள். என் புல்லட் இப்போது வீட்டு வாசலில் நிற்கிறது. நான் தினமும் வேலைக்கு ஓட்டிப் போகிற இடதுகால் கியர் வண்டியை விற்க விளம்பரம் கொடுத்திருக்கிறேன். அது விற்கிற வரை புல்லட்டில் தெருமுனையைத் தாண்ட மாட்டேன். விளம்பரத்தில் 'உடனே கொடுக்கணும்' என்று போட்டேன். காலையிலிருந்து வருகிற ஒவ்வொரு போனிலும் ஏன், ஏன் என்று கேட்கிறார்கள்.

கடைசியாக, போனதும் என்ஜினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் அதை அவர்கள் வீட்டில் எல்லோர் எதிரிலும் சொல்லலாமா என்று உங்களில் யாராவது கேட்கலாம். சொல்லுங்கள்.