செருப்போடு தீ மிதித்தவன்

காளியம்மாளின் அடியார்களே, இந்தத் திருவிழா மலரில் எழுதுகிறவர்கள் எல்லாரும் அம்மாளை ஒரு கணமும் சந்தேகிக்காதவர்கள். நான் அவளையும் சந்தேகித்தவன். அவளை மட்டுமல்ல, டொக்டர், சட்டத்தரணி, தோணிக்காரன், கட்டிய மனைவி என்று ஒருவரையும் விட்டுவைக்கவில்லை. அப்படிப்பட்டவனுக்கும் அவள் இரங்கினாள் என்பதுதான் என் சாட்சி.

சண்டை மும்முரமாக இருந்த தொண்ணூறுகளில் ஓர் ஆடி மாதம். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் என் வீடு. தோணியேறி அக்கரைக்குப் போய் ஒரு நெல் ஆலையில் வேலை செய்தேன். நெல் அவிக்கிற கொதிகலனுக்கு உமி தள்ளுவது என் வேலை. அந்த வருடமும் காப்புக் கட்டி, விரதமிருந்து, நம் கோயிலில் தீ மிதித்தேன். ஒரு கொப்புளம்கூட இல்லை. ஊர் முழுக்கக் காலைத் தூக்கிக் காட்டித் திரிந்தேன்.

இரண்டு நாள் கழித்து வேலைக்குப் போனேன். நீராவிக் குழாய் வெடித்தது. கசிந்துகொண்டிருந்த குழாய் அது. மாற்றச் சொன்னபோது, அறுவடை முடியட்டும் என்று முதலாளி சாக்கைச் சுற்றிக் கம்பியால் கட்டவைத்திருந்தார். கொதிநீர் நெஞ்சிலும் வலக்கையிலும் தொடையிலும் புறங்காலிலும் கொட்டியது. கூட நின்ற ஆதம்பாவா காக்கா சாக்கை நனைத்து என்மேல் போர்த்தி, தூக்கிக்கொண்டு ஓடினார். அவர் ஏறாவூர் முஸ்லிம், மூத்தவர் என்பதால் எனக்குக் காக்கா, அதாவது அண்ணன். அந்தக் குழாயை மாற்றச் சொன்னவரும் அவர்தான்.

ஆஸ்பத்திரியில் என்னை வாழையிலையில் கிடத்தினார்கள். பொரித்த மீன்போலக் கிடந்தேன். பார்க்க வந்தவர்களுக்கு ஒரே கேள்விதான்: விரதத்தில் என்ன பிழை விட்டாய்? நம் ஊரில் ஒருவன் வெந்துபோனால் குழாயை யாரும் பார்ப்பதில்லை, விரதத்தைத்தான் பார்ப்பார்கள். காப்புக் கட்டியிருந்த நாட்களில் களவாக மீன் தின்றேனா என்று என் மனைவி கண்ணாலேயே விசாரணை நடத்தினாள். கேட்டுக் கேட்டு நானும் நம்பிவிட்டேன். தின்னாத மீனுக்காக அம்மாளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

அந்தச் சமயம் பார்த்து முதலாளி தோடம்பழங்களோடு வந்தார். கூடவே ஆலைக் கணக்கப்பிள்ளை. முதலாளி கட்டிலருகே இருந்து, மெல்லக் கேட்டார்.

“என்ன நடந்த தம்பிராசா?”

“அம்மாள் சோதிச்சிட்டா, முதலாளி.”

அவர் கணக்கப்பிள்ளையைத் திரும்பிப் பார்த்தார். பிறகு என் தலையைத் தடவிவிட்டுப் போனார். நான் தோடம்பழத்தைச் சந்தேகித்து ஒவ்வொன்றாக மணந்து பார்த்தேன். கேள்வியைச் சந்தேகிக்கவில்லை. என் புத்தி அப்படி.

காயம் ஆறியது. ஆனால் வலக்கை விலாவோடு ஒட்டி ஆறியது. சோற்றைப் பிசைய முடியும், வாய்க்குக் கொண்டுபோக முடியாது. கொழும்பில் ஒரு சத்திரசிகிச்சை செய்தால் கை பிரியும், இல்லையென்றால் ஆயுளுக்கும் இப்படித்தான் என்றார் டொக்டர். அதற்கு வழி நட்டஈடு ஒன்றுதான். முதலாளியிடம் ஆள் அனுப்பினோம். பதில் வந்தது: தம்பிராசா வெந்தது ஆலையில் அல்ல. தீ மிதிக்கும்போது குழிக்குள் விழுந்தான், இரண்டு நாள் வீட்டில் மறைத்து வைத்தியம் பார்த்தான், முடியாமல் ஆலைக்கு வந்து நாடகம் ஆடினான். சாட்சி, அவனுடைய வாயே.

அன்றைக்குத்தான் நான் உண்மையாகவே உடைந்துபோனேன். நான் தீயில் நடந்ததை ஊரே பார்த்தது. ஆனால் ஊரிலிருந்து யார் சோதனைச் சாவடி தாண்டிப் பட்டணத்துக்குச் சாட்சி சொல்ல வருவார்? எனக்கே போய்வருவது பெரும்பாடு. சட்டையைக் கழற்றச் சொல்வார்கள். நெஞ்சுத் தழும்பைக் கண்டதும் துவக்கு நிமிரும். குண்டு செய்யும்போது வெடித்ததா என்று கேட்பார்கள். நெல் அவிக்கும்போது என்று சொன்னால் நம்பமாட்டார்கள். முதலாளி தீ என்கிறார், ஆமிக்காரன் குண்டு என்கிறான். கொதிநீர் என்று நம்ப ஒருவரும் இல்லை.

பட்டணத்தில் ஒரு சட்டத்தரணி காசு வாங்காமல் வழக்கை எடுத்தார். காசு வாங்காத சட்டத்தரணியை எப்படி நம்புவது? முதலாளி கொடுத்திருப்பார் என்று முடிவுகட்டினேன். மிஞ்சியது ஆதம்பாவா காக்கா ஒருவர்தான். அவரோ இன்னும் அந்த முதலாளியின் சம்பளத்தில் இருப்பவர். அது தமிழரும் முஸ்லிம்களும் ஒருவர் தெருவில் ஒருவர் நடக்கப் பயந்த காலம். விசாரணைக்கு முதல்நாள் பட்டணத்துக்குப் போகிற வழியில் பார்த்தேன். முதலாளி வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு காக்கா வெளியே வருகிறார். என்னைக் கண்டும் காணாததுபோலப் போனார். சரி, அவரையும் வாங்கியாயிற்று என்று எண்ணிக்கொண்டேன்.

அடுத்த நாள், வழக்கை விசாரிக்கிற தொழிற் கந்தோரின் விறாந்தையில் இருந்தேன். விசாரணை தொடங்கும் நேரமாகியும் காக்கா இல்லை. வலக்கை எழும்பாததால் இடக்கையை மட்டும் நெஞ்சில் வைத்துக் கும்பிட்டேன். “அம்மா, நான் வெந்தது உன்னாலயா, குழாயாலயா எண்டு உனக்குத் தெரியும். உன்னாலயெண்டா இப்படியே எழும்பிப் போறன். குழாயாலயெண்டா ஒராளையாவது அனுப்பு.” கண்ணீர் வந்தது. பக்கத்தில் இருந்தவர் பார்க்கிறாரா என்று அந்த நேரத்திலும் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டேன்.

என் பெயரைக் கூப்பிட்டபோது காக்கா வேர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தார். சாவடியில் மறித்து வைத்திருந்தார்களாம். குழாய், சாக்கு, கம்பி எல்லாவற்றையும் சொன்னார். முதலாளியின் சட்டத்தரணி ஒரு சிரிப்போடு எழும்பினார். கூட வேலை செய்தவர் அப்படித்தான் சொல்வார், ஆனால் தம்பிராசாவே அம்மாளின் சோதனை என்று வாக்குக் கொடுத்திருக்கிறார் என்றார். கணக்கப்பிள்ளை தலையாட்டினார். நான் சொல்லவில்லை என்று பொய் சொல்லலாமா என்று நினைத்தேன். அம்மாள் பெயரைச் சொன்னதை எப்படி மறுப்பது? ஓம், சொன்னேன் என்றேன்.

விசாரிக்கும் ஐயா என் காலைக் காட்டச் சொன்னார். எனக்குச் சந்தேகம் தட்டியது. பெரிய மனிதருக்கு முன்னால் காலை நீட்டவைத்து, மரியாதை தெரியாதவன் என்று எழுதி வழக்கை மூடப்போகிறார். காலை இழுத்துக் கதிரைக்கடியில் ஒளித்தேன்.

“காலக் காட்டுடா தம்பி,” என்றார் காக்கா. “கடிக்கவா போறாரு?”

நீட்டினேன். உள்ளங்கால் குழந்தையின் கால்போல இருந்தது. புறங்கால் முழுக்க வெந்து சுருங்கியிருந்தது. ஐயா குனிந்து பார்த்தார்.

“இதென்ன, நடுவில ரெண்டு கோடு மட்டும் வேகாமக் கிடக்கு?”

“செருப்பு வார், ஐயா. ஆலையில செருப்போடதான் நிக்கிற.”

அவர் நிமிர்ந்து முதலாளியின் சட்டத்தரணியைப் பார்த்தார்.

“உங்கட பக்கத்தில செருப்போடயா தீ மிதிக்கிற?”

கணக்கப்பிள்ளைக்கே சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. மாதக்கணக்காக மனைவி எண்ணெய் பூசிய கால் அது. ஒருநாளும் நாங்கள் அந்தக் கோடுகளைப் பற்றி எண்ணிப் பார்க்கவில்லை. நான் சாட்சிக்கு ஆள் தேடி ஊரெல்லாம் சந்தேகித்துத் திரிந்தபோது, அம்மாள் சாட்சியை என் காலிலேயே வைத்திருந்தாள்.

நட்டஈடு கிடைத்தது. கை பிரிந்தது. என் சட்டத்தரணி கடைசிவரைக்கும் காசு வாங்கவே இல்லை.

அன்று வெளியே வந்து பிளேன்ரீ குடிக்கும்போது காக்காவிடம் கேட்டேன். சாட்சி சொன்னதற்கு முதலாளி வேலையால் நிறுத்திவிடுவாரே என்றேன்.

“நேத்தே நிப்பாட்டிட்டாரு,” என்றார். “கந்தோருக்குப் போகாத எண்டு கூப்பிட்டுச் சொன்னாரு. போவேன் எண்டன். உன்னக் கண்டா அழுதுருவன் எண்டுதான் பாக்காமப் போன.”

அதன் பிறகு யாரைப் பற்றியும் தப்பாக எண்ணும்போது அந்தப் படலைதான் ஞாபகம் வரும். எண்ணுவதை முழுக்க விட்டேன் என்று சொல்லமாட்டேன். பாதியில் நிறுத்திக்கொள்கிறேன். யாராவது என்ன நடந்தது என்று கேட்டால் நடந்ததைச் சொல்கிறேன். அம்மாள் தலையில் போடுவதில்லை.

அடியார்களே, அவளிடம் வாருங்கள். நம்பிக்கை போதாது என்று தயங்க வேண்டாம், நான் துளியும் இல்லாமல் வந்தவன். காக்காவுக்கு வேறு வேலை கிடைக்க வேண்டும் என்று நான் அம்மாளிடம் நேர்ந்தேன். தன் பள்ளிவாசலில் அவரும் அதையே கேட்டிருக்கிறார். கிடைத்தது. யார் கேட்டது பலித்தது என்று எங்களுக்குள் இன்னும் வழக்கு நடக்கிறது. அது தீராமலே இருக்கட்டும் என்றுதான் இப்போது கும்பிடுகிறேன்.