தவக்காலத்து சாக்லேட் பை

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ராயபுரத்தில் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அந்தக் கோபத்தில்தான் அண்ணனோடு பேச்சு நின்றது.

அண்ணனுடைய முதல் குழந்தைக்கு ஞானஸ்நானத்தில் குழந்தையை ஏந்தி நிற்கிற ஞானத்தாயாக அவன் மச்சினி நின்றாள். போகட்டும் என்று விட்டேன். இரண்டாவது குழந்தையின் ஞானஸ்நானத்துக்கும் அவளையே நிறுத்தினான். கல்யாணமே வேண்டாம் என்று அம்மாவோடு இருக்கிற கூடப் பிறந்தவள் ஒருத்தி கண்ணில் படவில்லையா? பிரியாணிப் பந்தியில், அவன் மாமனார் வீட்டார் முன்னால், வாய்க்கு வந்ததையெல்லாம் பேசிவிட்டேன். "இனிமே என் வூட்டு வாசப்படிய மிதிக்காதே" என்றான். "நீயும் எங்க மாடி ஏறாதே" என்றேன். இரண்டு பேரும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினோம், மூன்று வருஷம். அம்மாவைப் பார்க்க மாத்தூரிலிருந்து வருவான். மாடி ஏற மாட்டான். கீழே பைக்கில் உட்கார்ந்தபடி ஹாரன் அடிப்பான். அம்மா முட்டியைப் பிடித்துக்கொண்டு இரண்டு மாடி இறங்கிப் போய்ப் பேசிவிட்டு வருவாள். அதைப் பார்த்தும் எனக்கு மனசு இளகவில்லை என்பதை இப்போது எழுதவே கூச்சமாக இருக்கிறது.

அந்த மூன்றாவது வருஷம் அம்மாவின் எழுபதாவது பிறந்தநாள் தவக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. அம்மாவுக்கு சாக்லேட் என்றால் உயிர். அப்பா துறைமுகத்தில் சரக்கு தூக்கும் வின்ச் ஓட்டிய காலத்தில் கப்பல்காரர்கள் கொடுத்த சாக்லேட்டின் வெள்ளித்தாளைக்கூட ஜெபப் புத்தகத்துக்குள் வைத்திருந்தவள். ஒருமுறை அண்ணா நகர் கடையிலிருந்து கேக் மாதிரி ஒரு பலகாரம், நாலடுக்கு சாக்லேட் பை, ஒரு துண்டு வாங்கி வந்தேன். டப்பாவைச் சுரண்டிச் சுரண்டிச் சாப்பிட்டாள். முழுசாக ஒன்றை நானே செய்து அவள் முன்னால் வைக்கவேண்டும் என்று ஆசை.

விபூதி புதனில் தொடங்கி ஈஸ்டர் வரைக்கும் நாற்பது நாள் தவக்காலத்தில் அம்மா இனிப்பைத் தொடமாட்டாள். டீக்குக்கூடச் சர்க்கரை கிடையாது. ஆனால் அந்த நாற்பது நாள் கணக்கில் ஞாயிறு சேராது. ஞான உபதேச வகுப்பிலேயே எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த விஷயம். ஒவ்வொரு வருஷமும் ஞாயிறு பூசை முடிந்ததும் அம்மா மைசூர்பாகு வாங்கி, கோயில் வாசலிலேயே பாதியைக் கடித்துவிடுவாள். அதை நம்பித்தான் நான் இறங்கினேன்.

சனிக்கிழமை ஆபீசுக்கு லீவு போட்டேன். முதல் நாளே ஃப்ரிட்ஜைக் காலி செய்து, மீன் டப்பாவைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒப்படைத்து, எலுமிச்சம்பழத் தோலால் உள்ளே முழுக்கத் தேய்த்திருந்தேன். ஓவன் கிடையாது. பெரிய குக்கரில் கல் உப்பைப் பரப்பி, விசிலையும் கேஸ்கட்டையும் கழற்றிவிட்டுச் சூடாக்கினேன். பிஸ்கட்டைச் சப்பாத்திக் கட்டையால் பொடித்து, உருக்கிய வெண்ணெய் விட்டுப் பிசைந்து, தட்டில் டம்ளர் அடியால் அழுத்தி அழுத்திப் பரப்பினேன். அதன்மேல் சாக்லேட்டும் முட்டையும் மைதாவும் கலந்த முதல் அடுக்கு. அது குக்கரில் முக்கால் மணி நேரம் வெந்தது. இரண்டாவது, மஞ்சள் கருவும் சோளமாவும் கோகோவும் போட்டுப் பாலில் காய்ச்சிய கஸ்டர்ட். கட்டி தட்டிவிட்டது. டீ வடிகட்டியில் வடித்துக் காப்பாற்றினேன். மூன்றாவது, சூடான கிரீமில் சாக்லேட்டை உருக்கி ஊற்றியது.

நாலாவதுதான் படுத்தியது. பங்குனி வெயிலில் எவ்வளவு அடித்தாலும் கிரீம் நுரைக்காமல் மோராகவே இருந்தது. ஆட்டோ பிடித்துக் காசிமேட்டுக்குப் போய், மீனுக்குப் போடுகிற நொறுக்கிய ஐஸ் ஒரு பக்கெட் வாங்கினேன். ஐஸ்காரர் ஏற இறங்கப் பார்த்தார். "இன்னாக்கா, மீன் இல்லாம வெறும் ஐஸ வாங்கினு போறே?" என்றார். அந்த ஐஸுக்குள் பாத்திரத்தைப் புதைத்துத் தோள்பட்டை கழன்று விழும்வரை அடித்தேன். கிரீம் கெட்டியாகி நின்றது. மேலே சாக்லேட்டைச் சீவித் தூவியதும் எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்தது.

ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் சாக்லேட் பையை வெட்டி, நாலு அடுக்கும் தெரிகிற மாதிரி ஒரு துண்டைத் தட்டில் வைத்து நீட்டினேன். அம்மா அதை ரொம்ப நேரம் பார்த்தாள்.

"அயகா கீது. எடுத்து வை, ஈஸ்டருக்குத் துன்றேன்."

"ஈஸ்டர் வரைக்கும் இது தாங்குமா? இன்னிக்கு ஞாயித்துக்கெழமதானே?"

"இந்த வருசம் வேணாம். கேக்காதே, வுடு."

விட்டிருக்கலாம். இரண்டு நாள் உழைப்பு, தோள்வலி, வழக்கமான அந்தக் கோபம், எல்லாம் சேர்ந்து வாயில் வந்து நின்றது. "உன் புள்ள மாத்தூர்லேந்து கொண்டாந்திருந்தா துன்னிருப்பே இல்ல?" என்று கேட்டேன்.

அம்மா என் முகத்தைப் பார்த்தாள். நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு ஸ்பூனை எடுத்தாள். ஒரு வாய் மட்டும் இல்லை, முழுத் துண்டையும் தின்றாள். "நல்லாகீது" என்றாள். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

மீன் டப்பாவைத் திருப்பி வாங்கப் போனபோது பக்கத்து வீட்டு அக்காவுக்கும் ஒரு துண்டு கொண்டுபோனேன். வெள்ளிக்கிழமைகளில் அம்மாவோடு கோயிலில் சிலுவைப் பாதை ஜெபத்துக்குப் போகிறவர் அவர்.

"அம்மா துன்னாங்களா?" என்று கேட்டார்.

"ஒரு துண்டு முழுசா."

அக்காவின் முகம் மாறியது. "ஞாயித்துக்கெழமகூட தொடமாட்டேன்னாங்களேம்மா. நீயும் உங்க அண்ணனும் பேசிக்கணும்னு நேர்ந்துகினு இருந்தாங்க."

வீட்டுக்கு வந்து நேராகச் சமையலறைக்குப் போனேன். அப்போதே அண்ணனைக் கூப்பிட்டிருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும். அவன் கூப்பிடட்டுமே, தப்பு அவனுடையதுதானே என்று பாத்திரம் கழுவினேன். சாயந்திரம்தான் அம்மாவிடம் போய், ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா எனக்காவப் பேசுவீங்க. எனக்காவப் பேசி இன்னா ஆவப் போவுது?"

"திரும்ப நேர்ந்துக்கோம்மா."

"முறிஞ்சது முறிஞ்சதுதான். நடுவுல ஒட்டவெக்க முடியாது. அடுத்த வருசம் விபூதி புதன்லேந்து ஆரம்பிச்சிக்கிறேன், போ."

அவள் கோபமே படவில்லை. என்னைத் திட்டியிருந்தால் திருந்தியிருப்பேனோ என்னவோ. ஈஸ்டர் அன்று காலையில் கீழே ஹாரன் கேட்டது. அம்மா புதுப் புடவையோடு படியிறங்கினாள். நான் ஜன்னல் ஓரம் நின்று பார்த்தேன். அவன் ஒருமுறை மேலே பார்த்தான். நான் தலையை உள்ளே இழுத்துக்கொண்டேன்.

அடுத்த விபூதி புதன் அம்மாவுக்கு வரவில்லை. ஐப்பசி மழையில் ஒரு நாள் காலை, காபி டம்ளரோடு நாற்காலியில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. டாக்டர் வந்து கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, வீட்டு ஆட்களுக்குச் சொல்லிவிடுங்கள் என்றார்.

அண்ணன் நம்பரை ரோஷத்தில் என் போனிலிருந்து எப்போதோ அழித்திருந்தேன். அம்மாவின் போனை எடுத்து அடித்தேன். முதல் மணியிலேயே எடுத்துவிட்டான்.

"இன்னாம்மா, நாஸ்தா ஆச்சா?" என்றான். அவ்வளவு சந்தோஷமான குரல்.

"அண்ணா, நான்தான்" என்றேன்.

அம்மா போனிலிருந்து நான் பேசினால் என்ன அர்த்தம் என்று அவனுக்குச் சொல்லவேண்டியதில்லை. சின்ன வயதில் கூப்பிடுகிற மாதிரி, "பாப்பா, அயாதே. வந்துகினே கீறேன்" என்றான்.

இனிப்பை விட்டு அம்மா வேண்டிக்கொண்டது இந்தப் பேச்சைத்தான். நாலடி தூரத்தில், அதே நாற்காலியில்தான் அவள் இருந்தாள்.