ஒன்றரை சாரும் இருட்டுச் சந்தும்

நகராட்சியில் தெருவிளக்குப் பிரிவுக்கு அவர்தான் தலைவர். பெயர் சொல்லி அவரை யாரும் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் அவர் 'ஒண்ணரை சார்'. காரணம் இல்லாமல் இல்லை. வருஷா வருஷம் பட்ஜெட் காலம் வந்தால், பல்பு, ஒயர், ஏணி என்று தன் பிரிவுக்குத் தேவையானதைக் கணக்குப் போட்டு, அதை அப்படியே ஒன்றரை மடங்காக்கி மேலே அனுப்புவார். கணக்கு அலுவலர் அதில் மூன்றில் ஒரு பங்கை வெட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுவார். இவர் கூட்டுவது அவருக்குத் தெரியும், அவர் வெட்டுவது இவருக்குத் தெரியும். வராந்தாவில் எதிரே பார்த்தால் இரண்டு பேரும் சிரித்துக்கொள்வார்கள். மற்றப் பிரிவுகளிலும் இதே கூத்துதான். ஆனால் அவர்கள் இரண்டு மடங்கு, இரண்டரை மடங்கு என்று துணிந்து அடிப்பார்கள். நம்ம ஆளுக்கு அவ்வளவு தைரியம் ஏது? அதனால் கடைசியில் பங்கு பிரிக்கும்போது தெருவிளக்குக்குத்தான் துண்டு விழும்.

பயம் என்றால் அப்படி ஒரு பயம் அவருக்கு. மேலதிகாரி அறையில் மணி அடித்தால், கூப்பிட்டது தன்னைத்தானோ என்று எழுந்து நின்றுவிடுவார். வீட்டைப் பூட்டிக்கொண்டு தெருமுனை வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். "இந்த மனுஷன் கனவுல கூட ரெண்டு பக்கமும் வண்டி வருதான்னு பாத்துட்டுத்தான் ரோட்டைத் தாண்டுவாரு" என்று அவர் மனைவி அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பாள். "சிரி, நல்லா சிரி. நான் ஒருத்தன் பயப்படறதாலதான் நீங்க எல்லாரும் நிம்மதியா தூங்கறீங்க" என்பார் அவர்.

ஆனால் அந்த வருஷம் வந்தது வெறும் சுபாவ பயம் இல்லை. அவருடைய ஒரே மகள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். வேலை முடிந்து பஸ்ஸில் வந்து இறங்கும்போது நன்றாக இருட்டிவிடும். பஸ் நிலையத்துக்குப் பின்னால் நீளமான ஒரு சந்து. ஒரு பக்கம் பழைய கிடங்கின் சுவர், மறுபக்கம் திறந்த வடிகால். வீட்டுக்கு வர அதுதான் வழி. சந்தில் கம்பங்கள் வரிசையாக நின்றன, ஒன்றிலும் விளக்கு எரியவில்லை. ஒயர் பழுதாகிப் போய், மாற்றப் பணம் இல்லை என்று முன்பே கைவிட்ட சந்து அது. தெருவிளக்குப் பிரிவுத் தலைவரின் மகள் தினமும் இருட்டில் தட்டுத் தடுமாறி வீடு வந்து சேர்ந்தாள். இந்தக் கேவலத்தை எங்கே போய்ச் சொல்வது? ஒயரை மாற்று என்று லைன்மேனிடம் ஒரு வார்த்தை சொல்ல அவருக்கு நா எழவில்லை. "ஏங்க, உங்க கையிலதானே இருக்கு?" என்று மனைவி கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்.

ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மகள் மெதுவாகச் சொன்னாள்: "அப்பா, நேத்தும் இன்னிக்கும் யாரோ பின்னாடியே வந்த மாதிரி இருந்துச்சு. நான் நின்னா செருப்புச் சத்தமும் நின்னுடுது."

அவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து டார்ச்சுக்குப் பேட்டரி போட்டார். மறுநாளிலிருந்து டார்ச்சை எடுத்துக்கொண்டு பஸ் நிலையத்தில் போய் நிற்க ஆரம்பித்தார். அப்பாவும் மகளும் பேசாமல் சந்தைக் கடப்பார்கள். கிடங்குச் சுவரோரம் ஒரு சிகரெட் நெருப்பு மினுக்கென்று தெரியும். டார்ச் அடித்தால் அணைந்துவிடும். அங்கே எவன் நின்றான், எதற்கு நின்றான் என்று கடைசி வரை தெரியவில்லை. தெரிந்திருந்தால்கூட இவ்வளவு பயம் இருந்திருக்காது.

அந்தச் சமயம் பார்த்துத்தான் புது ஆணையராக ஒரு பெண்மணி வந்தார். வந்த வேகத்தில் எல்லாப் பிரிவுத் தலைவர்களையும் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னார்: "இந்த வருஷ பட்ஜெட்ல நான் எதையும் வெட்டப் போறதில்லை. உங்களுக்கு நிஜமா என்ன வேணுமோ அதை எழுதுங்க. நான் நம்பறேன்."

அவ்வளவுதான், எல்லோருக்கும் கிலி பிடித்துக்கொண்டது. வெட்டுகிறேன் என்றால் எப்படித் தப்பிப்பது என்று தெரியும். நம்புகிறேன் என்று சொல்லும் மேலதிகாரியை என்ன செய்வது? டீக்கடையில் கூடிப் பேசினார்கள். வடிகால் பிரிவுக்காரர் வாய்ச்சவடால் பேர்வழி. "இது பொறி. எப்பவும் போலவே போடுங்க. எவனாவது ஒருத்தன் யோக்கியன் வேஷம் போட்டான்னா நம்ம எல்லாருக்கும் ஆப்புதான். என்ன ஒண்ணரை சார், புரியுதா?" என்றார். இவர் வேகவேகமாகத் தலையாட்டினார். வழக்கம் போல ஒன்றரை மடங்கு எழுதிக் கொடுத்தார்.

பட்ஜெட் கூட்டம் ஒரு மத்தியானம் ஆரம்பித்தது. கைபேசிகளை வாசலில் ஒரு தட்டில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஆணையர் எல்லாப் பிரிவுகளின் தொகையையும் பலகையில் எழுதிக் கூட்டினார். நகராட்சிக்கு வரும் வருமானத்தைப் போல அது ஏறக்குறைய இரண்டு மடங்கு வந்தது. அவர் கோபப்படவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

"வெட்ட மாட்டேன்னு சொன்னேன், வெட்ட மாட்டேன். நீங்களே ஒருத்தர் கணக்கை ஒருத்தர் கேட்டு வெட்டிக்குங்க. வரவும் செலவும் சரியாகற வரைக்கும் இந்த அறையை விட்டு யாரும் போகக் கூடாது" என்று சொல்லிவிட்டு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்.

யார் வாயைத் திறப்பார்கள்? அடுத்தவன் புளுகை நான் சொன்னால் அவன் என் புளுகைச் சொல்வான். ஆளாளுக்கு மேஜையைப் பார்த்தார்கள். கணக்கு அலுவலர் கண்ணாடியைத் துடைத்தார், மாட்டினார், மறுபடி துடைத்தார். டீ வந்தது, ஆறியது, போனது. ஜன்னலுக்கு வெளியே வெயில் மஞ்சளாகி, சுவரேறி, மறைந்தது.

ஒன்றரை சார் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் இந்நேரம் கிளம்பியிருக்கும். மகள் இறங்கி, அப்பாவைத் தேடுவாள். போன் அடிப்பாள், அது வாசல் தட்டில் கிடந்து அலறும். கொஞ்சம் நிற்பாள். அப்புறம் சந்துக்குள் நடப்பாள். அந்தச் செருப்புச் சத்தம் அவர் காதிலேயே கேட்டது.  "மேடம், ஒரு அஞ்சு நிமிஷம் வெளியில..." என்று எழுந்தார். "கணக்கு முடியட்டும்" என்றார் ஆணையர். உட்கார்ந்தார்.

உட்கார முடியவில்லை. அறையிலேயே அவரைப் போல் பயந்தவர் யாரும் இல்லை. ஆனால் ஆணையரைப் பற்றிய பயம் ஒரு பக்கம் இழுக்க, சந்தைப் பற்றிய பயம் மறுபக்கம் இழுக்க, சந்துதான் ஜெயித்தது.

"என் கணக்குல மூணுல ஒரு பங்கு பொய் மேடம்" என்றார் எழுந்து நின்று. குரல் கீச்சென்று வந்தது. பக்கத்திலிருந்த வடிகால்காரர் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். அவர் உட்காரவில்லை.

"சரி. அப்ப நிஜமான தொகை எவ்வளவு?"

சொல்ல வாயெடுத்தவர் திருதிருவென்று விழித்தார். போன வருஷக் கணக்கோடு கொஞ்சம் சேர்ப்பார். போன வருஷத்தது அதற்கு முந்தின வருஷத்திலிருந்து வந்தது. கூட்டியும் வெட்டியும் வந்த தொகை அது. அவர் உண்மை என்று நினைத்துக்கொண்டிருந்ததற்கும் அடியில் ஒன்றும் இல்லை.

"தெரியாது மேடம்."

"ஊர்ல மொத்தம் எத்தனை விளக்கு இருக்கு?"

"அதுவும் தெரியாது மேடம். எண்ணிப் பாத்ததே இல்லை."

"பின்னே என்னதான் தெரியும் உங்களுக்கு?"

"பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி இருக்கற சந்துல ஒரு விளக்குகூட எரியல. அது தெரியும். என் பொண்ணு இப்ப அதுலதான் நடந்து வருவா. யாரோ பின்னாடி வராங்க மேடம். நான் போகணும்."

ஆணையர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நீங்கதானே பிரிவுத் தலைவர்? உங்க பொண்ணு நடக்கற சந்தை ஏன் சரி பண்ணல?"

"சொந்தப் பொண்ணுக்காக விளக்குப் போட்டுக்கிட்டான்னு சொல்லிடுவாங்களோன்னு பயம் மேடம்."

யாரும் சிரிக்கவில்லை. "போங்க. முதல்ல போங்க" என்றார் ஆணையர்.

ஓடினார். தட்டில் கிடந்த போனை எடுக்கத் தோன்றவில்லை. டார்ச்சும் மேஜை இழுப்பறையிலேயே இருந்துவிட்டது. பஸ் வந்து போயிருக்கும் நேரம் என்று, வீட்டுப் பக்கத்து முனைக்கே நேராகப் போனார். சந்துக்குள் நுழைந்தால் கண்ணைக் கட்டிவிட்டது போல் இருட்டு. "பாப்பா! பாப்பா!" என்று கத்தினார். பதில் இல்லை. கிடங்குச் சுவரைத் தடவிக்கொண்டே நடந்தார். எதிரே செருப்புச் சத்தம் கேட்டது. ஒரு செருப்பு இல்லை, பல செருப்புகள்.  சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றார்.

"அப்பா, நீங்களா?"

மகள்தான். அவளோடு இன்னும் நாலைந்து பெண்கள். இவரைக் காணாமல் பாதி தூரம் வந்தவள், பயந்துபோய்த் திரும்பியிருக்கிறாள். அடுத்த பஸ்ஸில் வந்திறங்கிய பெண்கள் அவளைச் சேர்த்துக்கொண்டு, ஒருவர் கையை ஒருவர் பிடித்தபடி வந்துகொண்டிருந்தார்கள். அவர்களில் வயதில் மூத்தவள் இவரை யாரென்று தெரியாமலே பேசினாள்: "நாங்க தினமும் இப்படித்தாங்க வரோம். என்ன பண்றது? இந்த நகராட்சிக்காரனுங்க வீட்டுப் பொண்ணு ஒருத்தி இந்தச் சந்துல நடக்கணும். அன்னிக்குத்தான் இதுல விளக்கு எரியும்."

மகள் அவர் கையைப் பிடித்து அழுத்தினாள்.  அவருக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது.

அன்று அவர் போன பிறகு, தண்ணீர்ப் பிரிவுக்காரர் எழுந்து தன் புளுகை ஒப்புக்கொண்டாராம். அப்புறம் ஒவ்வொருவராக எழுந்தார்களாம். வடிகால்காரர் மட்டும் வாயைத் திறக்கவே இல்லையாம். மறுவாரமே எல்லாப் பிரிவுகளும் தங்கள் சாமான்களைத் தெருத் தெருவாகப் போய் எண்ண வேண்டும் என்று உத்தரவு வந்தது. ஒன்றரை சார் லைன்மேன்களோடு ஊர் முழுக்க நடந்து, கம்பம் கம்பமாக எண்ணி, முதல் முறையாக ஒரு நிஜக் கணக்கைக் கொடுத்தார். ஒரு காசு வெட்டாமல் வந்தது. முதலில் அந்தச் சந்துக்குத்தான் ஒயர் இழுத்தார்.

விளக்கு எரிய ஆரம்பித்த பிறகும் அவர் தினமும் பஸ் நிலையத்தில் போய் நின்றார். "அதான் பளிச்சுன்னு எரியுதே, இன்னும் ஏன்பா வரீங்க?" என்றாள் மகள். "எரியுதான்னு பாக்க வந்தேன்" என்றார். பெண்கள் தனித்தனியாக, கையை வீசிக்கொண்டு, போனில் பேசியபடி சந்தைக் கடந்தார்கள். சுவரோரத்தில் யாரும் இல்லை.

அவர் எதற்குப் பயந்தாரோ அது சரியாக வந்து சேர்ந்தது. யாரோ மொட்டைக் கடிதாசி போட்டிருந்தார்கள்: பிரிவுத் தலைவர் சொந்த மகளுக்காக நகராட்சிப் பணத்தில் விளக்குப் போட்டுக்கொண்டார் என்று. விளக்கம் கேட்டு மெமோ வந்தது. கீழே ஆணையரின் கையெழுத்து. புகார் வந்தால் அவரும் கேட்டுத்தானே ஆக வேண்டும்? வேலைக்கே உலை வைத்துவிடுமோ என்று ஒன்றரை சாருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வடிகால்காரர் வந்து தோளில் தட்டினார். "பொதுமக்கள் கோரிக்கைன்னு நாலு வரி எழுதுங்க சார். பூசி மெழுகிட்டுப் போயிட்டே இருங்க."

அப்படி எழுதலாம்தான். எத்தனையோ வருஷமாக அப்படித்தானே எழுதி வந்தார். பேனாவை மூடினார், திறந்தார். அந்த மூத்த பெண்ணின் குரல் காதில் கேட்டது.

'புகார் உண்மை. அது என் மகள் நடக்கும் சந்துதான். என் மகள் நடக்கிறாள் என்பதற்காகவே அதன் ஒயரை மாற்றாமல் இவ்வளவு நாள் விட்டுவைத்தேன். நான் செய்த தவறு அதுதான்' என்று எழுதினார்.

 நடுங்கின கையோடேயே கையெழுத்தையும் போட்டார்.