அருள்மலர் தூங்கிய சனிக்கிழமை

பாரிஸின் லாசப்பலில், மெட்ரோ பாலத்துக்குப் பின்னால், துணி வெளுத்து ஸ்திரிக்கை போட்டுக் கொடுக்கும் கடையொன்றில் அருள்மலர் வேலை செய்தாள். மன்னார்க்காரி. பாரிஸுக்கு வந்த நாளிலிருந்து நின்றபடி செய்யும் வேலைகளே அவளுக்கு வாய்த்தன. முதலில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினாள். பிறகு விடியற்காலைகளில், உத்தியோகத்தர்கள் வருமுன், கந்தோர்கள் துடைத்தாள். இப்போது நீராவிக்குள் நிற்கிறாள். வேலை முடிந்து வீட்டுக்குப் போனால், சப்பாத்தைக் கழற்றக் குனிவதற்கே கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கும்.

அவளைப் படத்துக்கு இருக்கச் சொல்லிக் கேட்டவள் ஜிஸ்லேன். ஓய்வுபெற்ற ஆசிரியை. மேசைவிரிப்புகளைக் கடைக்குக் கொண்டுவருவாள். பக்கத்துத் தெருவில் ஒரு சங்கத்தின் கூடத்தில் சனிக்கிழமை பின்னேரங்களில் ஓவிய வகுப்பு நடத்தினாள். ஆப்பிளையும் போத்தலையும் வரைந்து எல்லோரும் அலுத்துப் போய்விட்டார்களாம். ஒரு முகம் வேண்டுமாம்.

"நான் என்ன செய்யவேணும், மதாம்?" என்று தன் அரைகுறைப் பிரெஞ்சில் கேட்டாள் அருள்மலர்.

"ஒன்றும் செய்ய வேண்டாம். கதிரையில் இருந்தால் போதும்."

இத்தனை வருஷத்தில் யாரும் அவளுக்கு இப்படியொரு வேலை சொன்னதில்லை. உடனே ஓம் என்றாள்.

கடையில் நிற்கும் உடுப்போடு வரச்சொல்லியிருந்தும், அவள் திருநாளுக்கு உடுத்தும் நீலச் சேலையில் போனாள். பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுப்பவள் போல முதுகை நிமிர்த்தி இருந்தாள். வகுப்பில் பெரும்பாலும் வயதானவர்கள். அவர்கள் வரைய வரைய, ஜிஸ்லேன் தானும் ஒரு மூலையில் வரைந்தபடி ஓவியர்களின் கதைகளைச் சொல்லுவாள். கண் மங்கிப்போன பிறகு மெழுகை விரலால் தடவித் தடவி உருவம் பிடித்த ஒருவரின் கதை, காதை அறுத்துக்கொண்ட ஒருவரின் கதை. அருள்மலருக்குப் பாதிதான் விளங்கும். விளங்கிய பாதியை இரவு மகள் லாராவிடம் சொல்லி மீதியைக் கேட்டுத் தெரிந்துகொள்வாள்.

மூன்றாவது சனிக்கிழமை ஜிஸ்லேன் மொனேயின் கதையைச் சொன்னாள். அவருடைய மனைவி கமீய் இளவயதில் அவருக்காகப் பச்சைப் பாவாடை உடுத்து நின்று படமானவள். முப்பத்திரண்டு வயதில் நோயில் இறந்துபோனாள். மரணப் படுக்கையில் கிடந்த அவளையும் மொனே வரைந்தார். அவ்வளவு நேசித்த முகத்தில் நீலமும் மஞ்சளும் சாம்பலும் எப்படி ஏறுகின்றன என்று தன் கண் தன்னையறியாமலே பார்த்துக்கொண்டிருந்ததாகப் பின்னாளில் ஒரு நண்பரிடம் சொன்னாராம்.

பச்சைப் பாவாடையோடு நின்றபோது அந்தப் பெண்ணுக்குக் கால் உளைந்திருக்குமா என்று அருள்மலர் யோசித்தாள். அந்தக் கிழமை முழுக்க, கடையில் கூட வேலை செய்யும் மற்றப் பெண் வரவில்லை. இரண்டு பேருடைய துணியையும் அவளே தேய்த்திருந்தாள். கூடம் கதகதப்பாக இருந்தது. யோசனை எங்கே அறுந்தது என்று அவளுக்கே தெரியாது.

கண் விழித்தபோது கடைவாயில் எச்சில். ஒருவரும் அவளை எழுப்பவில்லை. எல்லோரும் மும்முரமாக வரைந்துகொண்டிருந்தார்கள். அவள் வாயைத் துடைத்து, மன்னிப்புக் கேட்டு, ஒருவருடைய படத்தையும் பாராமல் வீட்டுக்குப் போய்விட்டாள்.

யூன் மாதம் அந்தக் கூடத்தில் கண்காட்சி வைத்தார்கள். உணவகத்தில் சமையல் வேலை செய்யும் அவளுடைய கணவன் கிறிஸ்தோப்பர், மத்தியான இடைவேளையில் வீட்டுக்கு வந்தபோது போனை நீட்டினான். கோயிலில் பழக்கமான யாரோ கண்காட்சியில் எடுத்து அனுப்பிய படம்.

"இஞ்சை பாரும், இது நீர்தானே?"

"ஓம்."

"வாயைப் பிளந்துகொண்டு... பார்க்கிற சனம் என்ன நினைக்கும்? நான் உம்மைச் சாகடிச்சு வேலை வாங்கிறன் எண்டெல்லோ நினைக்கும்."

"நித்திரை வந்திட்டுது. நான் என்ன செய்ய?"

அவனும் களைத்தவன்தான். சண்டையை வளர்க்க இருவரிடமும் சத்தில்லை. அவன் திரும்ப வேலைக்குப் போனான். லாரா போனை வாங்கிப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, அழகாயிருக்கிறது என்று பிரெஞ்சில் சொன்னாள். அருள்மலருக்கு அதில் ஆறுதல் கிடைக்கவில்லை.

மறுநாள் வேலை முடிந்து நேரே கூடத்துக்குப் போனாள். ஜிஸ்லேன் தனியாக இருந்தாள். படம் ஜிஸ்லேன் வரைந்ததுதான். நினைத்ததைவிடப் பெரிது. தலை தோளில் சரிந்திருந்தது. கைகள் இரண்டும் மடியில் மல்லாந்து கிடந்தன. நீராவி சுட்ட தழும்பைக்கூட ஜிஸ்லேன் விடவில்லை. கண்ணுக்குக் கீழே சாம்பலும் மஞ்சளும். அவலட்சணம் என்று சொல்ல முடியாது. ஆனால், தன்னைப் பிணமாகக் கிடத்தியிருப்பதைத் தானே வந்து பார்ப்பதுபோல அருள்மலருக்கு இருந்தது.

"மதாம், இதைக் கழட்டுங்கோ."

ஜிஸ்லேனின் முகம் வாடிவிட்டது. "நான் வரைந்ததில் இதுதான் நல்லது, மலர். மற்ற நாட்களில் நீங்கள் எங்களுக்காக இருந்தீர்கள். அன்றைக்குத்தான் நீங்கள் நீங்களாக இருந்தீர்கள்."

"கதிரையில இருக்கத்தான் நான் ஓம் எண்டனான். நித்திரையைப் படமாக் கீறச் சொல்லி ஓம் எண்டனானோ?"

"எழுப்பியிருக்க வேண்டும். எனக்குத் தெரியும். ஆனால், அந்தக் கடைசிப் படத்தை மொனே வரையாமல் விட்டிருந்தால் நல்லது என்று உங்களால் சொல்ல முடியுமா?"

ஜிஸ்லேன் கேட்பதிலும் நியாயம் இருக்கலாம். நின்று யோசிக்க அருள்மலரைக் கால் விடவில்லை.

"எனக்குத் தெரியாது மதாம். கழட்டுங்கோ."

ஜிஸ்லேன் ஸ்டூலில் ஏறிக் கழற்றிச் சுவர்ப்பக்கம் திருப்பிவைத்தாள். இருவரும் போய்வருகிறேன் என்றுகூடச் சரியாகச் சொல்லிக்கொள்ளவில்லை. அந்தக் கோடை முழுக்க ஜிஸ்லேன் கடைக்கு வரவில்லை. கிறிஸ்தோப்பர் மட்டும் ஒருநாள், "கழட்டியாச்சோ?" என்று கேட்டான். "ஓம்" என்றாள். பேச்சு அதோடு முடிந்தது.

குளிர் தொடங்கிய பிறகு ஜிஸ்லேன் இரண்டு பெரிய யன்னல் திரைச்சீலைகளோடு வந்தாள். கொஞ்ச நேரம் துணியைப் பற்றியே பேசிவிட்டு, தானாகவே சொன்னாள்:

"முகத்தைச் சுரண்டி எடுத்துவிட்டேன். கதிரையும் சேலையும் இருக்கின்றன. கைகளை எடுக்க மனம் வரவில்லை."

அருள்மலர் சந்தோஷப்பட வேண்டும். படவில்லை. வருத்தப்படவும் முடியவில்லை. கேட்டது கிடைத்துவிட்டது, அவ்வளவுதான்.

"கை இருக்கட்டும்" என்றாள்.

"மறுபடியும் வருவீர்களா? கண் சொருகினால் நானே எழுப்பிவிடுவேன்."

"வேண்டாம் மதாம். சனிக்கிழமை பின்னேரம் நான் கதவைச் சாத்திப்போட்டுப் படுக்கிறனான்."

ஜிஸ்லேன் சிரித்தாள். கோபமில்லாத சிரிப்புத்தான். புதன்கிழமை எடுக்க வருவதாகச் சொல்லிவிட்டுப் போனாள். திரைச்சீலைகள் உள்பக்கம் துணி வைத்துத் தைத்தவை, நல்ல பாரம். அருள்மலர் முதலாவதை மேசையில் விரித்தாள்.