மூன்று தரப்பும் ஒரே தாளிலிருந்து

போன மழைக்காலம். புனேயில், மகர்பட்டாவில் உள்ள ஓர் அலுவலகத்தில் மொபைல் செய்தி ஆப் ஒன்றை வடிவமைத்துக்கொண்டிருந்தோம். எந்தச் செய்தியைத் தொட்டாலும் மூன்று பத்திரிகைகள் மூன்று கட்டங்களில் விரியும். மேலே 'எல்லாத் தரப்பும்' என்று ஒரு பச்சை முத்திரை. அந்த முத்திரை என் யோசனை. அதற்காக நான் அடித்துக்கொண்ட தம்பட்டம் கொஞ்சநஞ்சமல்ல!

சோதனைக்காக, ஏரவாடா உட்பட ஊரில் சிலர் போனில் அதை ஏற்கெனவே போட்டுக் கொடுத்திருந்தோம். அங்கே இட்லி வண்டி போடும் அக்காவிடமும் காட்டலாம் என்று தோன்றியது. ஞாயிறுதோறும் அவரிடம்தான் சாப்பிடுவேன். அங்கேயே பிறந்து வளர்ந்தவர். பேசுவது தமிழ், வாசிப்பது மராத்தி.

நான் போனபோது வண்டி தார்ப்பாய் போர்த்திக் கிடந்தது. மழையால் என்று நினைத்தேன். வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்த அக்காவிடம் போனை நீட்டி, "உங்க ஏரியா நியூஸ்தான்க்கா, படிச்சுப் பாருங்க" என்றேன். அந்தப் பகுதியில் பலருக்கு வயிற்றுப்போக்கு என்ற செய்தி. தலைப்பைத் தாண்டி நான் ஒரு வரி படித்திருக்கவில்லை.

அக்கா ஒவ்வொரு கட்டமாகப் படித்தார். முகம் சுருங்கிவிட்டது.

"மூணுலயும் என் சட்னியாலதான்னு போட்டிருக்கு. எங்கிட்ட யாருப்பா வந்து கேட்டாங்க? குழாயில சாக்கடைத் தண்ணி கலந்து வருது. என் வண்டியில கை நனைக்காதவங்களும்தான் படுத்துக் கிடக்காங்க."

அவர் பச்சை முத்திரையைக் காட்டினார்.

"ஒரு பேப்பர்ல வந்தப்போ பாதிப் பேரு நம்பல தம்பி. நீ மூணையும் சேர்த்து, மேல ஷிக்கா வேற குத்திட்ட. இனிமே யாரு வருவா?"

வெட்கம் பிடுங்கித் தின்றது. அங்கேயே உட்கார்ந்து மூன்றையும் படித்தேன். வாக்கியங்கள், எழுத்துப்பிழை உட்பட, ஒன்றே. யாரோ கொடுத்த ஒரே அறிக்கைத் தாளை மூவரும் அப்படியே போட்டிருந்தார்கள். பத்திரிகைகளை எண்ணிய மகானுபாவன் நான், அவர்கள் யாரைக் கேட்டு எழுதினார்கள் என்று பார்க்கவே இல்லை.

"உங்க தரப்பையும் போட்டுடறேன்க்கா" என்றேன்.

"நான் சொன்னா எவன் நம்புவான்? சலோ, என் இட்லி சாப்பிடாத வீட்டுல போய்க் கேளு" என்று எழுந்துவிட்டார். வீடு வீடாகக் கூட்டிப் போனார். குடங்களில் பிடித்து வைத்திருந்த தண்ணீரில் சாக்கடை நாற்றம். அக்காவின் வண்டியில் சாப்பிடாமலே படுத்துக் கிடப்பவர்களைப் பற்றி அந்த வீட்டுப் பெண்கள் சொன்ன எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன்.

மறுநாளே அந்தப் பெண்கள் சொன்னதைச் செய்தியோடு சேர்த்தேன். முத்திரையைத் தூக்கினேன். ஒரே தாளிலிருந்து வந்தவை இனி ஒரே கட்டம். பக்கத்தில் 'இன்னும் கேட்கப்படாதவர்கள்' என்று ஒரு காலிக் கட்டம். பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று மேலாளர் முணுமுணுத்தார். இருக்கட்டும் சார் என்றேன்.

அதோடு அக்காவின் வியாபாரம் பழையபடி ஆகிவிட்டது என்று சொல்ல ஆசைதான். ஆகவில்லை. குழாய் சரியாகி அவர் மறுபடி வண்டி போட்ட ஞாயிறு, நானும் பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவரும்தான் நின்றோம். என்மேல் துளி கோபம் காட்டவில்லை. தட்டில் இட்லி வைத்து, கரண்டியை எடுத்தவர் சட்டென்று நிறுத்தினார்.

"சட்னி ஊத்தட்டுமா தம்பி?"

இத்தனை வருடத்தில் அவர் கேட்டே இராத கேள்வி. அதை அவரைக் கேட்க வைத்ததில் எனக்கும் பங்கு உண்டு என்பது, ஒரு செய்தியை உண்மை என்று நம்பி அடுத்தவருக்கு அனுப்பப் போகும்போதெல்லாம் இன்றும் என் கையைப் பிடித்து நிறுத்துகிறது.